எந்த மட்ஸ் எடுக்கிறாய்?

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்த நாட்களில் ஒரு படிவம் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். பதினோராம், பன்னிரண்டாம் ஆண்டுகளுக்கு என்னென்ன பாடங்கள் என்று தெரிவுசெய்து கொடுக்கிற படிவம். கோயில் அன்னதான வரிசையிலும் பிறந்தநாள் விழா மண்டபங்களிலும் அந்தப் பிள்ளைகளிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த மட்ஸ் எடுக்கிறாய்?" ஆங்கில இலக்கியம் எடுக்கிறாயா, வரலாறு எடுக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

மெல்பேர்னில் என்றால் ஸ்பெஷலிஸ்ட், மெதட்ஸ், ஜெனரல். சிட்னியில் என்றால் எக்ஸ்டென்ஷன், அட்வான்ஸ்ட், ஸ்டாண்டர்ட். பெயரைச் சொன்னவுடனே கேட்டவரின் முகத்தில் பிள்ளைக்குப் புள்ளி விழுந்துவிடும். "எக்ஸ்டென்ஷன் ரூ" என்றால் ஒரு புன்னகை. "ஸ்டாண்டர்ட்" என்றால் ஒரு சின்ன மௌனம், பிறகு "பரவாயில்லை, வேற பாடங்கள் நல்லாச் செய்யலாம்தானே" என்று ஓர் ஆறுதல். துக்க வீட்டுக்குப் போனவர் சொல்கிற மாதிரி.

கணிதத்தை இப்படித் தூக்கிப் பிடிக்கிற சமூகத்தில் நான் கணிதத்துக்காகப் பேசத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். எனக்கென்னவோ தேவை இருக்கிறது என்றுதான் படுகிறது. எங்கட ஆட்கள் கணிதத்தை ஒரு படலையாகப் பார்க்கிறார்கள். திறந்தால் மருத்துவம், பொறியியல், திறக்காவிட்டால் வெளியில். இந்த நாட்டின் கல்வி அமைப்போ, விரும்பினால் எடு, இல்லாவிட்டால் விடு என்று அதைக் கடைசி இரண்டு ஆண்டுகளில் கைகழுவி விடுகிறது. எல்லாப் பிள்ளைக்கும், என்ன தொழிலுக்குப் போகிற பிள்ளைக்கும், பொதுக் கல்வியின் ஒரு பகுதியாகக் கணிதம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் கேட்பதில்லை.

எங்கட பக்கத்தின் கதை தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லவேண்டும். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகளைப் பிரித்தார்கள். மருத்துவபீடத்துக்குப் போக 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அவர்களுக்கு 227, எங்களுக்கு 250. பிறகு தரப்படுத்தல், பிறகு மாவட்டக் கோட்டா. ஒரு புள்ளி, அரைப் புள்ளி என்று வாழ்க்கையே நின்ற காலம் அது. கொழும்பிலோ லண்டனிலோ எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மொழி பெயர்க்கத் தேவையில்லாத ஒரே தகைமை கணக்கு. யாழ்ப்பாணத்து ரியூட்டறிகளில் தூய கணிதத்துக்கும் பிரயோக கணிதத்துக்கும் வாங்கில் இடம் பிடிக்க ஓடினவர்கள் தங்கள் பிள்ளையை ஜெனரல் மட்ஸுக்கு மனமுவந்து அனுப்ப மாட்டார்கள். அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. அது பட்ட அடியின் தழும்பு.

ஆனால் அந்தத் தழும்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கிறோம். சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி வழியாகச் சனிக்கிழமை காலை போய்ப் பாருங்கள். மூன்றாம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் முதுகைவிடப் பெரிய பையோடு செலக்டிவ் பாடசாலைப் பரீட்சைக்கான வகுப்புகளுக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். ஜேம்ஸ் ரூஸ், கிராவீன் என்ற பெயர்களைப் பெற்றோர் சொல்கிற தொனியைக் கேட்டால் ஏதோ திவ்வியதேசம் என்று நினைப்பீர்கள். 2025 மே மாதம் அந்தப் பரீட்சையை முதன்முறையாகக் கணினியில் வைத்தார்கள். பல பாடசாலைகளின் பிள்ளைகளைப் பெரிய மண்டபங்களுக்கு வரச் சொன்னார்கள். கான்டபரி குதிரைப் பந்தயத் திடலில் நெரிசல் கட்டுக்கடங்காமல் போய், கலகம் அடக்கும் பொலிஸைக் கூப்பிடுகிற அளவுக்கு வந்தது. உள்ளே போனது பதினொரு வயதுப் பிள்ளைகள். அந்தப் படங்களைப் பார்த்தபோது ஒழுங்குசெய்தவர்கள் மேல்தான் எல்லாருக்கும் கோபம். எனக்கும்தான். ஆனால் இத்தனை ஆயிரம் குடும்பங்களை அந்த வாசலுக்கு எது கொண்டுவந்தது என்பதையும் யோசித்தேன்.

நான் ஆசிரியன் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். அதில் ஒரு பெடியன் பதினோராம் ஆண்டு. வகையிடச் சொன்னால் மளமளவென்று செய்வான். எக்ஸின் மூன்றாம் அடுக்கைக் கொடுத்தால் கை தானாக மூன்று எக்ஸ் வர்க்கம் என்று எழுதும். "சரி தம்பி, இப்ப நீ செய்தது என்ன?" என்று கேட்டேன்.

"பவரை முன்னுக்குப் போட்டு, ஒண்டைக் குறைக்கிறது, அங்கிள்."

"அது சரி. ஏன் செய்யிறாய்? இது எதைச் சொல்லுது?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, ஆச்சரியம். அந்தக் கேள்வியை இரண்டு வருஷ ரியூசனில் யாரும் கேட்டதில்லை.

விக்ரோறியாவில் ஹியூம் ஃபிரீவேயில் புள்ளிக்குப் புள்ளி வேகத்தைப் பார்க்கிற கமராக்கள் இருக்கிறது உங்களுக்குத் தெரியும். முதல் கமராவில் நேரம், அடுத்த கமராவில் நேரம், நடுவில் தூரம். வகுத்தால் சராசரி வேகம். 110 எல்லைக்குள் சராசரி 118 என்று வந்தால் தண்டப் பத்திரம் வீட்டுக்கு வரும். "நான் எந்த இடத்தில் 118 ஓடினேன் எண்டு காட்டு பாப்பம்" என்று வாதாட முடியாது. சராசரி 118 என்றால், அந்தப் பாதையில் எங்கோ ஒரு கணத்தில் வேகமானியின் முள் 118 ஐத் தொட்டே இருக்கவேண்டும். நுண்கணிதத்தில் இதற்கு இடைப்பெறுமானத் தேற்றம் என்று பெயர். இதைச் சொன்னதும் அவன் நிமிர்ந்து இருந்தான். "அப்ப அந்தத் தேற்றத்தை வைச்சுத்தான் ஃபைன் அடிக்கிறாங்களா?" கிட்டத்தட்ட அப்படித்தான். வகையிடல் என்பது அந்த முள் காட்டுகிற எண் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தச் சராசரி விஷயத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கப் போகிறேன். இந்த நாட்டில் கடந்த பத்து வருஷத்தில் நடந்த மிகப் பெரிய அநியாயங்களில் ஒன்று ஒரு சராசரிக் கணக்கு.

ரோபோடெட் என்று பெயர் வைத்தார்கள். சென்ரர்லிங்க் உதவிப்பணம் எடுத்தவர்கள் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று கணினியே கடன் கடிதம் அனுப்பிய திட்டம். எப்படிக் கணக்குப் பார்த்தது? வரித் திணைக்களத்திடமிருந்து ஒருவரின் ஆண்டு வருமானத்தை எடுத்தது. அதை 26 ஆல் வகுத்தது, ஆண்டுக்கு 26 இருவாரங்கள் என்பதால். ஒவ்வொரு இருவாரமும் அவர் அவ்வளவு உழைத்தார் என்று எடுத்துக்கொண்டது.

கடதாசியில் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் ஆண்டின் முதல் பாதியில் தொழிற்சாலையில் வேலை. 13 இருவாரங்கள், ஒவ்வொன்றுக்கும் 2,000 டொலர். மொத்தம் 26,000. பிறகு வேலை போய்விட்டது. மிச்சம் 13 இருவாரங்களும் வருமானம் பூச்சியம். அந்தக் காலத்துக்கு உதவிப்பணம் கேட்டார், நேர்மையாகப் பூச்சியம் என்று எழுதினார், பணம் கிடைத்தது. கணினி என்ன செய்தது? 26,000 ஐ 26 ஆல் வகுத்து, ஒவ்வொரு இருவாரமும் 1,000 டொலர் உழைத்தாய், ஆனால் பூச்சியம் என்று சொன்னாய், ஆகவே நீ கடன்காரி என்றது.

ஹியூம் வீதிக் கமராவின் சராசரி எங்கோ ஒரு இடத்தில் அந்த வேகம் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. பாதை முழுக்க அதே வேகம் என்று சொல்லவில்லை. ரோபோடெட்டோ சராசரியை எடுத்து எல்லா இருவாரத்துக்கும் சமமாகப் பூசிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கக்கூடிய பிழை இது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2021 இல் இணக்கத் தீர்வு அங்கீகரிக்கப்பட்டபோது வெளிவந்த தொகை: ஏறத்தாழ 433,000 பேர்மீது 1.7 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட சட்டவிரோதக் கடன். கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு 2023 யூலையில் அறிக்கை கொடுத்தது. அமைச்சர்கள், அதிகாரிகள், சட்டத்தரணிகள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். இவர்களில் யாருக்கும் சராசரி என்றால் என்னவென்று தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தவர்கள் பேசவில்லை. கடிதம் கிடைத்தவர்களில் பலருக்கோ, கணினி சொல்லிவிட்டது, அது பிழைவிடாது என்ற பயம். பிள்ளைகளைச் சுமந்துகொண்டு காசுவல் வேலை செய்த எங்கட ஆட்களும் அதற்குள் இருந்தார்கள். கடிதத்தை ஒளித்துவைத்து, வாரம் 20 டொலர், 30 டொலர் என்று கட்டின ஒருவரை எனக்குத் தெரியும். "அரசாங்கம் பிழையாச் சொல்லுமே அண்ணை?" என்று என்னிடம் கேட்டவர்.

அந்தக் கடிதத்தை வாங்கி, ஒரு பேனையை எடுத்து, "இந்த 26 ஆல் ஏன் வகுத்தாய்?" என்று கேட்கிற தைரியம் இருக்கிறதே, பொதுக் கல்வியில் கணிதம் எதற்கு என்று கேட்டால் என் முதல் விடை அதுதான்.

அரசாங்கம் தன் பங்குக்கு என்ன செய்கிறது? நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி.க்கு ஆங்கிலம் மட்டும்தான் கட்டாயம். 2019 இல் கிளாடிஸ் பெரெஜிக்லியன் முதல்வராக இருந்தபோது பன்னிரண்டாம் ஆண்டுவரை கணிதத்தையும் கட்டாயமாக்குவோம் என்று அறிவித்தார்கள். அறிவிப்போடு நின்றது. விக்ரோறியாவிலும் வி.சி.ஈ.க்குக் கணிதம் எடுக்காமலே போகலாம். இங்கிலாந்தில் ரிஷி சுனக் 2023 தொடக்கத்தில் இதேமாதிரி பதினெட்டு வயதுவரை கணக்கு என்று சொன்னார். அதுவும் ஆட்சியோடு போய்விட்டது. சொல்வது சுலபம், படிப்பிக்க ஆள் எங்கே என்பதுதான் எல்லா இடத்திலும் பிரச்சினை. இங்கே ஏழாம் எட்டாம் ஆண்டுகளில் உடற்பயிற்சி ஆசிரியரோ புவியியல் ஆசிரியரோ கணக்கு வகுப்பைப் பொறுப்பெடுக்கிறது புதுமையில்லை. பிள்ளைக்குக் கணக்குப் பிடிக்காமல் போவது அந்த இரண்டு வருஷத்தில்தான். நான் பார்த்த பிள்ளைகளில் அநேகர் அப்படித்தான். பின்னம் விளங்காமல் எட்டாம் ஆண்டைத் தாண்டிவிட்டு, அட்சரகணிதம் விளங்கவில்லை என்று பத்தாம் ஆண்டில் அழுகிறார்கள்.

பீசா என்கிற உலக ஒப்பீட்டுப் பரீட்சையில் 2003 இல் அவுஸ்திரேலியப் பதினைந்து வயது மாணவரின் கணிதச் சராசரி 524. 2022 இல் 487. அதே ஆண்டு சிங்கப்பூர் 575. (இதுவும் சராசரிதான், ஆகவே இதை வைத்து உங்கள் வீட்டுப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.) பரீட்சை நடத்துகிறவர்களின் கணக்கே சில வேளை தடுமாறுகிறது. விக்ரோறியாவில் 2022 வி.சி.ஈ. கணித வினாத்தாள்களில் பிழைகள் என்று பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் கொதித்தெழுந்து, தனி மீளாய்வு வைக்கவேண்டி வந்தது. 2024 இல் மாதிரி முகப்புத் தாள்களுக்குள் மறைந்திருந்த எழுத்தாகப் பரீட்சை வினாக்களே வெளியில் வந்துவிட்டன. பரீட்சைச் சபையின் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

இனி வீட்டுக்கு வருவோம். 600,000 டொலர் வீட்டுக் கடன், ஆண்டுக்கு 6 வீத வட்டி, 30 வருஷம் என்று வைப்போம். மாதத் தவணை ஏறத்தாழ 3,597 டொலர். இதில் முதல் மாதம் வட்டிக்குப் போவது 3,000. வீட்டின் விலையில் குறைகிறது 597 மட்டும். முப்பது வருஷத்தில் கட்டி முடிக்கிற தொகை ஏறத்தாழ 1,295,000. மாதம் 400 டொலர் கூடக் கட்டினால், வட்டி வீதம் மாறாவிட்டால், கடன் ஏறத்தாழ ஏழு வருஷம் முந்தி முடிந்துவிடும். பன்னிரண்டாம் ஆண்டு ஜெனரல் மட்ஸிலும் ஸ்டாண்டர்ட் மட்ஸிலும் படிப்பிக்கிற கணக்கு இதுதான். நாங்கள் துக்கம் விசாரிக்கிற அதே பாடம். ஸ்பெஷலிஸ்ட் மட்ஸ் எடுத்து ஏடார் 99க்கு மேல் வாங்கிய ஒரு மருத்துவ மாணவி, தன் சுப்பர் கணக்கில் வேலைகொடுப்பவர் 12 வீதம் போட்டிருக்கிறாரா என்று பார்க்கத் தெரியாமல் என்னிடம் வந்தார். கெட்டிக்காரி, ஐந்து நிமிஷத்தில் விளங்கிக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் பதின்மூன்று வருஷப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை.

சீட்டை எடுங்கள். எங்கட ஆட்கள் வாழ்கிற எந்த நகரத்திலும் சீட்டு இல்லாமல் இல்லை. 20 பேர், மாதம் 1,000 டொலர், கழிவுச் சீட்டு. முதல் மாதமே 4,000 கழிவு விட்டு 16,000 எடுக்கிறார் ஒருவர். அவர் உண்மையில் எத்தனை வீத வட்டி கட்டுகிறார்? வங்கிக் கடனைவிட மலிவா, விலையா? விடை, பின்னால் எடுப்பவர்கள் எவ்வளவு கழிவு விடுவார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. நல்ல கணக்கு இது, பன்னிரண்டாம் ஆண்டுக்குக் குறையாத கணக்கு. சீட்டுப் பிடிக்கிற மாமி இதை மனதுக்குள்ளேயே போடுவார். அவரிடம் கேட்டால் "எனக்கு மட்ஸ் வராது ராசா" என்பார்!

பிரிட்ஜிங் விசாவில் நின்று தொழிற்சாலைகளில் வேலைசெய்கிற தம்பிமாருக்கு இது இன்னும் முக்கியம். காசுவல் வேலைக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 25 வீதம் சேரவேண்டும். மணிக்கு 26 டொலர் என்றால் 32.50. ஞாயிறு என்றால் வேறு, பொதுவிடுமுறை என்றால் வேறு. சம்பளச் சீட்டை வாங்கி மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டுப் போகிறவரிடமிருந்துதான் காசு போகும்.

இவ்வளவும் சொன்னதால் கணிதம் காசு எண்ணத்தான் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அப்படி நினைக்கிற கல்வி அதிகாரிகள் இருக்கிறார்கள். சாதாரண பிள்ளைக்கு வட்டியும் வரவுசெலவும் போதும், நிறுவல் எல்லாம் கெட்டிக்காரருக்கு என்று பாடத்திட்டத்தை இரண்டாகக் கிழிப்பவர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "ஏன் அப்படி?" என்று கேட்டு, யாருடைய அதிகாரத்துக்கும் தலையாட்டாமல் விடை காணக்கூடிய ஒரு பாடம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். வரலாற்றில் ஆசிரியர் சொன்னதை நம்பவேண்டி வரும். விஞ்ஞானத்தில் ஆய்வுகூடத்தை நம்பவேண்டி வரும். கணக்கில் எட்டு வயதுப் பிள்ளை ஆசிரியரைப் பார்த்து "நீங்கள் பிழை" என்று சொல்லி அதைக் காட்டவும் முடியும்.

இதற்கு எக்ஸ்டென்ஷன் ரூ தேவையில்லை. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள். 1, பிறகு 1+3 நான்கு, 1+3+5 ஒன்பது, 1+3+5+7 பதினாறு. எல்லாம் வர்க்க எண்கள். ஏன்? கோலம் போடுகிற அம்மம்மாவைக் கேளுங்கள். ஒரு புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி மூலைவளமாக மூன்று புள்ளி வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதன் இரண்டு பக்கத்தையும் ஐந்து புள்ளியால் மூடினால் மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு முறையும் போன தடவையைவிட இரண்டு புள்ளி கூடத் தேவை. பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் கண்ணில் வருகிற வெளிச்சத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அது வந்துவிட்டால், கணினி சொன்னது, அமைச்சர் சொன்னது, வட்சப்பில் வந்தது என்று எதற்கும் சும்மா தலையாட்டாது.

இந்த நகரத்தில் எங்களுக்கு ஒரு முன்னோடியும் இருந்தார். பேராசிரியர் கிறிஸ்ரி ஜெயரட்ணம் எலியேசர். கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், பிறகு மலாயாப் பல்கலைக்கழகம், 1968 முதல் மெல்பேர்ன் லா ட்ரோப் பல்கலைக்கழகம். 1983 இன் பின் இந்த நாட்டில் தமிழருக்காகப் பேசவேண்டி வந்தபோது முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர். 2001 இல் மறைந்தார். மூத்தவர்கள் அவரைத் தலைவராக நினைவு வைத்திருக்கிறார்கள். கணிதவியலாளர் என்பது பெயருக்கு முன்னால் வருகிற பட்டம்போல ஆகிவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். அக்ஷய் வெங்கடேஷ் 2018 இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றபோது, இரண்டு வயதில் பெர்த்துக்கு வந்த பிள்ளை, பதின்மூன்று வயதில் பல்கலைக்கழகம் போனவர் என்று எங்கட வட்சப் குழுக்கள் எல்லாம் கொண்டாடின. அவர் என்ன கணிதம் செய்தார் என்று ஒரு வரி எழுதியவர் இல்லை. எத்தனை வயதில் எந்தப் படலையைத் திறந்தார் என்பதுதான் செய்தி.

ஆகவே அந்தப் படிவத்துக்கு வருகிறேன். ஸ்கேலிங்கில் கூடும் என்பதற்காக ஸ்பெஷலிஸ்டுக்குள் பிள்ளையைத் தள்ளாதீர்கள். தமிழைக்கூட ஸ்கேலிங்கில் ஏறும் என்று சொல்லி எடுப்பிக்கிற வீடுகள் இருக்கின்றன. சரி, அதில் குறைந்தபட்சம் தமிழாவது மிஞ்சும். விளங்காத கணக்கை மனப்பாடம் செய்து முடித்த பிள்ளைக்கு நவம்பர் மாதத்துக்குப் பிறகு மிஞ்சுவது வெறுப்பு. அதேபோல, கணக்கே வேண்டாம், அது என் ஏடாரை இறக்கும் என்று முழுதாக விட்டுவிட்டுப் போகவும் விடாதீர்கள். ஸ்டாண்டர்டோ ஜெனரலோ, விளங்கிப் படிக்கக்கூடிய ஒன்று பன்னிரண்டாம் ஆண்டுவரை இருக்கட்டும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெதட்ஸ் நன்றாகச் செய்யக்கூடிய பிள்ளை "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னால் உடனே விட்டுக்கொடுக்கிறோம். அண்ணன்காரன் அதையே சொன்னால் ரியூசன் பிடிக்கிறோம். பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது "என்ர பிள்ளை எத்தனையாவது?" என்பதை விட்டுவிட்டு, எட்டாம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர் கணிதம் படித்தவரா என்று கேளுங்கள். அதிபருக்குப் பிடிக்காது. நாலு பெற்றோர் கேட்டால் பதில் வரும்.

இன்னொன்று எங்கள் கையிலேயே இருக்கிறது. சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடங்கள். ஆண்டு விழாவில் எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்ணென்று வள்ளுவர் சொன்னதை மேடையில் ஒப்புவிக்கிறோம். வகுப்பில் ஒரு கண்ணுக்குத்தான் மருந்து. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி இல்லாமல் எழுத்தில்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 'கணக்கதிகாரம்' என்று ஒரு நூல் முழுக்கக் கணக்குப் புதிர்கள். அந்தக் காலக் கல்வி மனப்பாடத்தால் பிள்ளைகளை வதைத்தது, யார் யாருக்குத் திண்ணையில் இடம் என்பதில் சாதி இருந்தது. அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அளவும் பின்னமும் பேச்சுத் தமிழோடு கலந்திருந்தது, அதைச் சொல்கிறேன்.

எங்கட பிள்ளைகளுக்குத் தமிழில் நூறுவரை எண்ணத் தெரியும். முக்காலில் பாதி எவ்வளவு என்று தமிழில் கேட்டால் முழிக்கிறார்கள். வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கலாம். பாடப் புத்தகம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். மெல்பேர்னில் 500 சதுர மீற்றர் புளொக்கில் உங்கள் வீடு இருந்தால், அது ஊரில் ஏறத்தாழ இரண்டு பரப்புக் காணி. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்து, "அப்பப்பாவின் காணி ஐந்து பரப்பு, அதில் எங்கட வீடு எத்தனை கொள்ளும்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போய் அப்பப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்று பேரப்பிள்ளையின் வீட்டுப் பாடத்துக்கு எட்டத்தில் நிற்கிற மனிதர் அவர். இந்தக் கணக்குக்கு அவர்தான் வாத்தியார். வேலி எங்கே போனது, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று அவர் தொடங்கினால் அரைமணி நேரம் போதாது.